ஏற்றுவதா, மாற்றுவதா

நான் ஓய்வு பெற்ற அன்று மருத்துவமனைக் கூடத்தில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். என்னிடம் பயிற்சி பெற்றுப் போன மராட்டிப் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்து, "மேடம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே வார்த்தை. படாவோ, யா பதலோ!" என்றாள். கூடமே கைதட்டியது. ஏற்று, இல்லாவிட்டால் மாற்று. மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்து ஆறு வாரம் ஆகியும் ஆள் தேறவில்லையா, அளவை ஏற்று. அதற்கும் அசையவில்லையா, மருந்தை மாற்று. நடுவில் நின்று முழித்துக்கொண்டிருக்காதே. இதுதான் முப்பது ஆண்டுகளில் நான் சம்பாதித்த புகழ். சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோந்த்வாவில் இருக்கும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என் பழைய நோயாளி செபஸ்தியானின் நினைப்பாகவே இருந்தது. நான்கு நாள் முன்புதான் அவர் என்னைப் பார்க்க வந்து போயிருந்தார்.

மனநல மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஏழெட்டுப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களும் உங்களில் உண்டு. "உங்க அனுபவங்கள எழுதிக் குடுங்க மேடம், இங்கிலீஷ்லயே எழுதுங்களேன்" என்று கேட்டீர்கள். எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் தவறுகள் எல்லாம் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கௌரவமாக வந்து நிற்கின்றன. 'போதிய விவரம் திரட்டப்படவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். யார் திரட்டவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் 'நான் கேட்கவில்லை' என்றுதான் எழுத வருகிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் புறநோயாளிப் பிரிவு எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு அங்கிருந்துதான் கிளம்பியது. மருத்துவமனை ஆகுர்டி பக்கம். சுற்றிலும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதுக்குக் கதவைத் திறந்தால் ஒரு மணிக்குள் அறுபது எழுபது பேரைப் பார்த்தாக வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒரே வாக்கியத்தை நாளுக்கு அறுபது முறை எழுதிக் கை ஓய்ந்துபோய், நான் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். மராட்டியில் இரண்டு வரி. 'இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மாத்திரை போட்டபின் வண்டியோ மெஷினோ ஓட்டக்கூடாது.' ஊதா மை. சீட்டிலும் கோப்பிலும் மருந்தின் பெயரை எழுதி, கீழே ஒரு குத்து. செவிலியர்களுக்கு அந்த ஸ்டாம்பை ரொம்பப் பிடித்துவிட்டது. மற்ற டாக்டர்கள்கூட வந்து கடன் வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.

செபஸ்தியான் வந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. தூத்துக்குடிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து இருபது வயதில் இங்கே வந்தவர். தகட்டை அழுத்திக் கார் பாகம் செய்யும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். பெர்மனென்ட். இந்தப் பக்கத்து ஆலைகளில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். பத்துப் பேர் காண்ட்ராக்டில் வந்து போகும் இடத்தில் ஒருவர் பெர்மனென்ட் ஆனால் அவர் வீட்டில் கேக் வெட்டுவார்கள். மனைவி ரோஸி கட்கி கண்டோன்மென்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. அதனால் காலை நேரத்தில் கணவரோடு மருத்துவமனைக்கு வர முடியாது.

"மேடம் தமிழா?" என்றுதான் உட்கார்ந்தார். "அப்ப நல்லதாப் போச்சு. மனசுல உள்ளத வாய்விட்டுச் சொல்லலாம்."

ஆறு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை என்றார். சர்ச் பாடகர் குழுவில் பதினைந்து ஆண்டுகளாகப் பாடுகிறவர், பாடுவதை விட்டுவிட்டார். கம்பெனி பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வருகிறதாம். பக்கத்து இருக்கைக்காரன் பார்த்துவிடக் கூடாது என்று தும்முவதுபோல் பாவனை செய்வாராம். சாகத் தோன்றுகிறதா என்று கேட்டேன். "அந்த அளவுக்கு இல்ல மேடம், ஆனா இருந்தும் என்ன செய்யன்னு இருக்கு" என்றார். செர்ட்ராலின் ஐம்பது மில்லிகிராம் எழுதினேன். அதைக் காலையிலும் கொடுக்கலாம், இரவிலும் கொடுக்கலாம். நான் எல்லோருக்கும் இரவு என்றே எழுதிப் பழகியவள். ஸ்டாம்பை எடுத்துக் குத்தினேன். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன். வாய்விட்டுச் சொல்ல வந்த மனிதருக்கு, புதியவர் என்பதால் ஏழு நிமிடம் கொடுத்தேன். அதையே அன்று தாராளம் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். கண் சிவந்திருந்தது. முகம் கறுத்திருந்தது. கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

"தூக்கம் எப்படி?"

"நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல மேடம்."

"மாத்திரை?"

"நீங்க சொன்ன மாதிரியே எடுக்கேன்."

இந்த மருந்துகள் வேலை செய்ய நாளாகும் என்பதால் அதையே தொடரச் சொன்னேன். ஆறாவது வாரம் வந்தார். அதே கண், அதே முகம், அதே பதில். ஏற்றினேன், நூறு. பன்னிரண்டாம் வாரம் நூற்றைம்பது. பதினெட்டாம் வாரமும் அவர் அப்படியே என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஒரு சலிப்பு வந்தது. அது அவர் மேல் வந்த சலிப்பு. உங்களுக்கும் வரும், வராது என்று நடிக்காதீர்கள். நாம் கொடுக்கும் மருந்துக்குத் தேறாத நோயாளியை நமக்குப் பிடிப்பதில்லை. மருந்தை மாற்றினேன். செர்ட்ராலினைப் படிப்படியாகக் குறைத்து வென்லாஃபாக்சினுக்குக் கொண்டுபோனேன். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூனியர் பெண்ணிடம், "பார்த்தியா, படாவோ யா பதலோ" என்றேன். அவள் சிரித்தாள்.

வென்லாஃபாக்சின் எப்படிப்பட்ட மருந்து என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு நாள் விட்டாலே உடம்பு சண்டைக்கு வரும். தலை சுற்றும், குமட்டும், மண்டைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். இதை முதலாம் ஆண்டு மாணவர்கூடப் பரீட்சையில் எழுதுவார்.

அடுத்த மூன்றாவது வாரம் செபஸ்தியான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். "மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுசுள்ளுங்குது மேடம். திரும்பிப் பாத்தா தலை கிறுகிறுங்குது."

ஜூனியர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், டோஸ் மிஸ் ஆகிறதோ?" என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டாள். நல்ல கேள்வி. அந்த அறையில் அந்த ஆறு மாதத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். நான் செபஸ்தியான் பக்கம் திரும்பி, "மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் கொஞ்சம் அதட்டல் இருந்தது.

"ஐயோ இல்ல மேடம். நீங்க சொன்னத நான் மீறவே மாட்டேன். அச்சுப் பிசகாம அப்படியே எடுக்கேன்."

நான் ஜூனியரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். போதுமா என்று அதற்கு அர்த்தம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதற்றம் கூடியிருக்கிறது என்று குறிப்பு எழுதிவிட்டு, வென்லாஃபாக்சினை ஏற்றினேன். வெளியே இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். அது சாக்கு இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்குச் செபஸ்தியானின் கம்பெனி மருத்துவ அதிகாரி எனக்குப் போன் செய்தார். தணிந்த குரலில், மரியாதையாகப் பேசும் மனிதர். முந்தின இரவு பிரஸ் முன்னால் நின்றுகொண்டிருந்த செபஸ்தியான் தலைசுற்றி முன்னால் சாய்ந்துவிட்டாராம். கை அச்சுக்குள் போகும் நேரத்தில் மெஷினின் பாதுகாப்புக் கண் அதைப் பார்த்து நிறுத்திவிட்டது. நகம்கூடப் பெயரவில்லை. ஆனால் ரிப்போர்ட் எழுதியாகிவிட்டது. "இரண்டு மணிக்கு மீட்டிங் மேடம். இவர் நிலைமை என்ன என்று உங்கள் கையெழுத்தில் நாலு வரி வேண்டும். ஆள் உங்கள் மருத்துவமனை வாசலில்தான் நிற்கிறார், அவரிடமே கொடுத்து அனுப்புங்கள்" என்றார்.

நாலு வரி. அவரை மெஷின் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அது சரியான நினைப்பு. ஸ்டோரிலோ கேட்டிலோ இலகுவான வேலை கொடுப்பார்கள், அதற்குக் கடிதம் அழுத்தமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எழுதினேன்: 'இரண்டு மருந்துகளை உயர்ந்த அளவில் கொடுத்தும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இயந்திரம் இல்லாத பணி பரிந்துரைக்கிறேன்.' வாசலில் நின்ற மனிதரை உள்ளே கூப்பிடவில்லை. உறையில் போட்டு ஒட்டி, செவிலியரிடம் கொடுத்தனுப்பினேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றும் அறுபத்திரண்டு பேரைப் பார்த்து முடித்தேன்.

கம்பெனிக்கு என் முதல் வாக்கியம் போதுமானதாக இருந்தது. இரண்டு மருந்துக்கும் கேட்காத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இலகுவான வேலை எதுவும் காலி இல்லையாம். பத்தாவது நாள் 'தானாக விலகிக்கொள்கிறேன்' என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பெர்மனென்ட் ஆன ஒருவரைத் தானாக விலக வைப்பது எப்படி என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து அன்பாகப் பேசினால் போதும்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ரோஸி வந்தாள். அப்போதுதான் நான் அவளை முதல் முறையாகப் பார்க்கிறேன். பள்ளியில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து, ஹிந்தி கலந்த கட்கித் தமிழில் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம், குஸ்ஸா ஆகாதீங்க, கோவப்படாதீங்க. இவ்ளோ மாத்திரை கோலி மிச்சம் இருக்கு. எல்லாம் சாரிட்டில குடுத்தது. தூக்கிப் போட மனசு வரல. வேற யாராச்சும் கரீப் பேஷன்டுக்கு, ஏழைங்களுக்கு யூஸ் பண்ணிப்பீங்களா?"

மூடியைத் திறந்தேன். செர்ட்ராலின் பட்டைகள், ஐம்பது, நூறு. மேலே வென்லாஃபாக்சின். ஒவ்வொரு பட்டையிலும் ஆறு மாத்திரை பிதுக்கப்படாமல் இருந்தது. எனக்கு முதலில் வந்தது பயம். மனம் உடைந்துபோன ஒரு மனிதர் இருக்கும் வீட்டில் இவ்வளவு மாத்திரை சேர்ந்து கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

"இதெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

"கபாட்டுக்கு மேல, என் புடவைக்கு அடில. பயமாத்தான் இருந்துச்சு."

"ஏன் மிச்சம்? அவர் சரியா எடுக்கறேன்னுதானே சொன்னார்?"

"சரியாத்தானே எடுத்தாரு! ஏக் தின் பி தப்பு பண்ணல. தேர்ட் ஷிப்ட் வாரத்துல மட்டும் எடுக்க மாட்டாரு."

"ஏன்?"

ரோஸி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "நீங்கதானே மேடம் சொன்னீங்க? கோலி போட்டுட்டு மெஷின் ஓட்டக் கூடாதுன்னு. சீட்டுல ஊதா கலர்ல சிக்கா அடிச்சுக் குடுத்தீங்களே. ராத்திரி சாப்ட்டு பத்தரைக்கு கம்பெனி பஸ் ஏறினா காலைல ஏழு மணி வரைக்கும் மெஷின்தானே. அப்ப எப்படிப் போடுவாரு?"

பிறகு அவளே தொடர்ந்து சொன்னாள். "ரெண்டு வாரம் நல்லா இருப்பாரு மேடம். சண்டே சர்ச்சுல திரும்பப் பாட ஆரம்பிச்சாரு தெரியுமா? மூணாவது வாரம் ஏக்தம் கீழ போய்டுவாரு. நான் உங்ககிட்ட வந்து சொல்லணும்னு நினைச்சேன். இவருதான், மேடம் படிச்சவங்க, மூணு வாரத்துக்கு ஒருக்கா பாக்கறாங்களே, அவங்களுக்குத் தெரியாததான்னாரு."

மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அவருடைய ஷிப்ட் வாரா வாரம் மாறும். காலை, மாலை, இரவு என்று மூன்று வாரத்தில் ஒரு சுற்று. முதல் முறை அவர் என்னிடம் வந்ததே இரவு ஷிப்ட் முடிந்து, பஸ்ஸிலிருந்து எங்கள் வாசலில் இறங்கித்தான். நான் மூன்று வாரம், மூன்று வாரம் என்று தேதி கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தேதியும் அவரை அதே இரவு ஷிப்ட் வாரத்து வெள்ளிக்கிழமையில் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தியது. நான்கு இரவாகத் தூங்காத, நான்கு இரவாக மருந்தில்லாத மனிதரை மட்டுமே நான் ஆறு மாதம் பார்த்திருக்கிறேன். பாடிக்கொண்டிருந்த செபஸ்தியானை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி தூங்கினீர்களா என்று, இரவெல்லாம் பிரஸ் ஓட்டிவிட்டு வந்தவரிடம் கேட்டு, தூக்கமின்மை தொடர்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ரோஸி போன பிறகு அவருடைய கோப்பை எடுத்து முதல் தாளைப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில், என் கையெழுத்தில், 'பிரஸ் ஷாப், மூன்று ஷிப்ட்' என்று இருந்தது. அவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். நான் கேட்டு எழுதியும் இருக்கிறேன். அதற்கு ஒரு விரல்கடை கீழே என் ஸ்டாம்ப், ஊதா நிறத்தில், மெஷின் ஓட்டக்கூடாது என்று. இரண்டையும் ஒரே கை ஒரே நிமிடத்தில் போட்டிருக்கிறது. எனக்கு என் மேல் வந்த அருவருப்பை இன்றுவரை கழுவ முடியவில்லை.

மறுநாளே அந்தக் கம்பெனிக்குப் போனேன். மருத்துவ அதிகாரி டீ வரவழைத்தார். நடந்ததை எல்லாம் சொல்லி, இரண்டாவது கடிதம் ஒன்றைக் கொடுத்தேன். மருந்து தோற்கவில்லை, அது முழுதாகப் போய்ச் சேரவே இல்லை, காரணம் என் அறிவுரை என்று எழுதியிருந்தேன். அவர் நிதானமாகப் படித்தார். "மேடம், இதுவும் உங்கள் கையெழுத்து, அதுவும் உங்கள் கையெழுத்து. இரண்டு வார இடைவெளி. நான் எதை நம்பட்டும்?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். "அதுவும் போக, அவர் தானாகத்தானே விலகியிருக்கிறார்" என்றும் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எல்லோரும் ஒருமுறை சறுக்குவதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த மாதம் எங்கள் துறைக் கூட்டத்தில் இந்தக் கோப்பு விவாதத்துக்கு வந்தது. நடந்ததை நான் சொன்னேன். ஸ்டாம்பைப் பற்றியும் சொன்னேன், ஆனால் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டேன். துறைத் தலைவர் கேட்டுவிட்டு, "ஆக, ஆள் மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை. அவ்வளவுதானே? உங்கள் மேல் என்ன தவறு?" என்றார். கோப்பின் சுருக்கத்தில் 'சொன்னபடி மருந்து எடுக்காதவர்' என்று எழுதச் சொன்னார். என் ஜூனியர் என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று அவள் எதிர்பார்த்தாள். நான் என் காப்பியை எடுத்துக் குடித்தேன். அவளும் கொஞ்ச நேரம் கழித்துத் தன்னுடையதைக் குடித்தாள். அவ்வளவு சௌகரியமான வாக்கியம் அது. அதன் அடியில் நான் என் கையெழுத்தைப் போட்டேன்.

செபஸ்தியானுக்கு நான் மறுபடி செர்ட்ராலின்தான் கொடுத்தேன். முதல் நாள் கொடுத்த அதே ஐம்பது மில்லிகிராம். காலையில், நாஷ்டா முடிந்ததும், தினமும். ஸ்டாம்ப் போடாமல் கையால் எழுதினேன். இரண்டு மாதத்தில் தேறிவிட்டார். இரவு ஷிப்ட் போனதாலும் தேறியிருக்கலாம் என்பீர்கள். இருக்கலாம், அதைப் பிரித்துப் பார்க்க இப்போது வழியில்லை. ஆனால் ஏற்றவும் வேண்டியிருக்கவில்லை, மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. என் மந்திரத்தின் இரண்டு வார்த்தைகளும் அவருக்குத் தேவைப்படவே இல்லை. போசரியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்டில் சேர்ந்தார். இருபது வயதுப் பையன்கள் செய்யும் வேலை, பகல் மட்டும். என் மேல் ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரோஸி செய்த கேக்கோடு வருவார். அந்தக் கேக்கைத் தின்று முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இப்போது சொல்லுங்கள், இதிலிருந்து உங்களுக்கு நான் என்ன சொல்வது? மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றுதான் பதில் வரும், அதிலும் நம் ஊர்க்காரர் நம் ஊர் டாக்டரிடம் மரியாதைக்காக இன்னும் அழுத்தமாகவே ஆமாம் என்பார். நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், போன வியாழக்கிழமை எடுத்தீர்களா, பட்டையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவரை ஒருமுறையாவது வரவழையுங்கள். எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறார் என்றால், எப்போதெல்லாம் பார்த்தேன் என்று உங்களையே கேளுங்கள். ஏற்றுவதற்கும் மாற்றுவதற்கும் எப்போதும் நேரம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் ஒரு கேள்வி கேட்டால் புருவத்தைத் தூக்காதீர்கள். இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் குறிப்பும் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் யாருடைய வாழ்க்கையில் கற்றுக்கொண்டேன் என்று நான் சொன்னதில்லை.

என் கடைசி வாரத்தில் செபஸ்தியான் வந்தார். கிறிஸ்துமஸ் இல்லை, கையில் கேக் இல்லை. போசரியிலேயே பெரிய கம்பெனி ஒன்றில் அவரைப் பெர்மனென்டாக எடுக்கும் அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது. முன்பு ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்களாம். மறைக்கத் தெரியாத மனிதர், உள்ளதைச் சொல்லியிருக்கிறார். பழைய மருத்துவக் குறிப்பு கொண்டு வாருங்கள் என்றதும் எங்கள் பதிவறையில் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கம்பெனியில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்து, ஹிந்தியில் அவருக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாள். பிறகு, சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆளையும் எடுத்துவிட்டார்களாம்.

அவர் அந்தத் தாளை என் மேசைமேல் விரித்து, அதே வரியைத் தொட்டுக் காட்டினார். 'சொன்னபடி மருந்து எடுக்காதவர்.'

"வேலை போனது போகட்டும் மேடம். அத நான் அப்பவே விட்டுட்டேன். இது மட்டுந்தான் மனசுக்குச் சங்கடமா இருக்கு." வரியிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார். "நீங்க சொன்னத நான் எப்ப மேடம் கேக்காம இருந்தேன்?"

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "நீங்க எப்பவுமே கேட்டீங்க செபஸ்தியான். தப்பா சொன்னது நான்தான். அப்புறம் அந்தக் கூட்டத்துல வாயத் திறக்காம இருந்ததும் நான்தான்" என்றேன். கூட்டம் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மருத்துவமனைத் தாளில் புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். அன்று அவசரப்படவில்லை. வெளியே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'இவர் என் அறிவுரையை ஒரு நாளும் மீறவில்லை. அறிவுரைதான் தவறு. கோப்பில் உள்ள வாக்கியம் பொய். அதில் கையெழுத்திட்டது நான்.' கீழே பெயரும் முத்திரையும் வைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம்" என்றார். தாளை வாங்கி நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைக்கப் போனவர் கையை நிறுத்தி, கோபமே இல்லாமல், வழி கேட்கிறவர்போல என்னிடம் கேட்டார்.

"இத இப்ப யாருட்ட கொண்டு காட்ட?"